ஹால் பேசியாச்சு, ஆள் வருமா?

கேள்வி: அக்கா, நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன், ஒரு கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். எங்கள் ஊர் வாயனசாலையில் (படிப்பகத்தில்) 14 பேர் சேர்ந்து ஒன்றரை மணி நேரத் தமிழ் நாடகம் ஒன்றை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பழைய தமிழ் எழுத்தாளரின் சிறுகதையை எங்கள் இயக்குநர் நாடகமாக எழுதியிருக்கிறார். எனக்கு நடிப்பு வராது என்பதால் 'மேனேஜர் நீதான்' என்று தலையில் கட்டிவிட்டார்கள். மேடை வேலை, விளம்பரம் இரண்டும் என் பொறுப்பு. சித்தூரில் 350 பேர் உட்காரும் கல்யாண மண்டபத்தை ஜனவரிக் கடைசி ஞாயிறு இரவு 7.30 மணிக்குப் பேசி வைத்திருக்கிறோம், அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? டிக்கெட் போடலாமா, இலவசமா? போஸ்டர் தமிழிலா, மலையாளத்திலா? திருச்சூர் நாடகப் பள்ளிக்குப் போய்ப் படித்தால்தான் இதெல்லாம் வருமா?

பதில்: தம்பி, கடிதம் முழுக்க ஆளை எப்படிக் கூட்டுவது என்ற கவலைதான் இருக்கிறது. நாடகம் எத்தனை மணிக்கு முடியும், வந்தவர்கள் எப்படி வீடு போய்ச் சேருவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. விளம்பரம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி அங்கேதான் கிடக்கிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

7.30 என்று நோட்டீஸ் அடித்தால் 8 மணிக்குத்தான் திரை தூக்குவீர்கள். ஒன்றரை மணி நேரம் என்று நீங்கள் சொல்லும் நாடகம், கைதட்டல், சீன் மாற்றம், மறந்துபோன வசனம் எல்லாம் சேர்ந்து முதல் மேடையில் ஒன்றே முக்கால் ஆகும். மணி 9.45. வடகரப்பதி, எருத்தேன்பதி, ஒழலப்பதி பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்து அதற்கு ரொம்ப முன்னாலேயே செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், அந்தச் செருப்புச் சத்தத்தில் உங்கள் நாடகத்தின் நல்ல சீன் போய்விடும். அதோடு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மூடிய அரங்குக்கு விதிவிலக்கு உண்டுதான், ஆனால் ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும் மண்டபத்தை மூடிய அரங்கு என்று போலீஸ்காரரிடம் வாதாடிக்கொண்டு நிற்பதற்கு உங்களை யாரும் மேனேஜர் ஆக்கவில்லை.

மாலை 6 மணி வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, குளித்துக் கிளம்பி வர நேரம் இருக்கும், எட்டு மணிக்குள் எல்லோரும் ரோட்டில் இருப்பார்கள். 5.30க்கே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஜனவரியில் நம் பக்கம் ஆறேகால் வாக்கில்தான் சூரியன் இறங்கும், மேற்கு ஜன்னல் வழியாக மேடையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் வாடகைக்கு எடுத்த லைட் எதற்கும் ஆகாது. 6 மணிக்கே வைத்தாலும் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டத்தான் வேண்டும்.

அப்புறம் தேதி. ஜனவரிக் கடைசி தை மாசம். நல்ல முகூர்த்த ஞாயிறாக இருந்தால் மண்டபக்காரர் கடைசி நேரத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஆசைப்பட்டு உங்களைத் தள்ளிவிடலாம், நீங்கள் வாய்ச்சொல்லில்தான் இருக்கிறீர்கள். அப்படியே கிடைத்தாலும் உங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் போகம் அறுவடையும் ஜனவரி, பிப்ரவரியில்தான் வருகிறது. என்னைக் கேட்டால் மார்கழியில், பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைப் பிடியுங்கள். கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையிலும் பேரம் பேசலாம். ஒரே ஒரு சிக்கல், அது சபரிமலை சீசன். நடிகர்களில், லைட்காரர்களில் யார் மாலை போட்டிருக்கிறார்கள், இருமுடி கட்டும் நாள் எது என்று முதலிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் தேதி போட்டு, கதாநாயகன் எருமேலியில் இருக்க இங்கே மாற்று ஆளைத் தேடிய குழுக்கள் உண்டு.

அதற்குள் தயாராக முடியாது என்றால் அவசரப்படாதீர்கள், ஆடிக்குத் தள்ளுங்கள். தமிழாளுக்கு ஆடி, மலையாளிக்குக் கர்க்கடகம், இரண்டு பேருமே கல்யாணம் வைக்க மாட்டார்கள். மழை இருக்கும், ஆனால் கேரளத்தின் மற்ற பக்கங்களோடு பார்த்தால் சித்தூர்த் தாலுகாவின் கிழக்கில் பெய்வது குறைவுதான். கல்பாத்தித் தேர், சித்தூர்க் கொங்கன்படை, நெம்மாறை வேலா, உங்கள் பஞ்சாயத்துக் கோயில் பொங்கல், இந்தத் திருவிழாக்களெல்லாம் எந்த வாரம் என்று ஒரு காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுத்தான் மண்டபக்காரரிடம் போக வேண்டும். போனால் அட்வான்ஸ் கொடுத்து, தேதியும் நேரமும் போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள்.

இன்னொன்றும் நேராகவே சொல்கிறேன். மேடை நிர்வாகமும் விளம்பரமும் ஒரே ஆள் பார்ப்பது கடைசிப் பத்து நாள் வரைக்கும்தான் முடியும். அதற்குப் பிறகு ஒத்திகையில் ஒரு நாற்காலி எங்கே வைக்க வேண்டும் என்று நீங்கள் குறித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் போன் செய்து 'தம்பி, எனக்கு முன்வரிசையில் நாலு சீட்' என்பார், இரண்டும் கெட்டுப் போகும். விளம்பரத்துக்கும் டிக்கெட்டுக்கும் இன்னொருவரை இப்போதே கூட்டு சேருங்கள். போஸ்டர் டிசைன் தெரிந்த பையனை நான் சொல்லவில்லை. ஊரில் யாருக்கு நிறைய வீட்டு வாசல் தெரியுமோ அவர், ஒரு அங்கன்வாடி டீச்சர், இல்லை பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவர். மேடையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதை வெளியிலிருந்து யாரும் வந்து உங்களுக்காகச் செய்துவிட முடியாது, ஒத்திகையில் கூடவே உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அது வரும்.

மேடை வேலைக்கு வருவோம், இதில்தான் நீங்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதல் வேலை ஒரு ஃபைல். நாடகப் பிரதியை ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்து, எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டுக் கோர்த்துக்கொள்ளுங்கள். காலிப் பக்கத்தில் யார் எங்கிருந்து வருகிறார், எங்கே நிற்கிறார், எந்த வசனத்தில் எழுந்திருக்கிறார் என்று சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டு அம்புக்குறி வரைய வேண்டும். பென்சிலால்தான், இயக்குநர் நாளைக்கு மாற்றுவார். லைட் மாறும் இடம், சத்தம் வரும் இடம், திரை விழும் இடம் எல்லாவற்றுக்கும் வரிசை எண் கொடுத்து (இதைத்தான் க்யூ என்பார்கள்), அந்த எண்ணைக் குறிப்பிட்ட வசனத்தின் குறிப்பிட்ட சொல்லுக்கு நேராக எழுதுங்கள். 'அம்மா அழும்போது லைட் குறையும்' என்று எழுதி வைத்தால் அம்மா எப்போது அழ ஆரம்பித்தாள் என்று லைட்காரருக்குத் தெரியாது. 'போய்ட்டு வரேன்' என்ற சொல் முடிந்ததும் க்யூ 14, இப்படி இருக்க வேண்டும். நாடகம் அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட இந்த ஃபைலை வைத்துக்கொண்டு வேறு ஒருவர் நாடகத்தை நடத்த முடிகிறதா, அதுதான் சோதனை.

ஒவ்வொரு முழு ஒத்திகைக்கும் மொபைலில் ஸ்டாப்வாட்ச் போட்டு, சீன் சீனாக எத்தனை நிமிஷம் ஓடியது என்று எழுதுங்கள். ஒரு நாள் 88 நிமிஷம், இன்னொரு நாள் 101 நிமிஷம் என்று வந்தால் யாரோ ஒருவர் வசனத்தைச் சொந்தமாக நீட்டுகிறார் என்று அர்த்தம். அதை இயக்குநரிடம் தனியாகச் சொல்லுங்கள், நடிகரிடம் நேராகப் போய்ச் சொல்லாதீர்கள், அது உங்கள் வேலை இல்லை, வீண் சண்டைதான் வரும்.

மண்டபத்தை டேப் வைத்து அளந்துகொண்டு வாருங்கள். கல்யாண மேடைகள் அகலமாக இருக்கும், ஆழம் இருக்காது, மணமக்களும் பக்கத்தில் நாலு பேரும் நின்று போட்டோ எடுத்தால் போதும் என்று கட்டியவை. பக்கத்தில் ஒளிந்து நிற்க இடம் இருக்கிறதா, மேடைக்குப் பின்னால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வழி இருக்கிறதா, ஒப்பனை அறை மேடைக்கு எந்தப் பக்கம், கழிப்பறைக்குப் பார்வையாளர்களைத் தாண்டித்தான் போக வேண்டுமா, இதெல்லாம் பாருங்கள். பின்னால் வழி இல்லை என்றால் ஒரு பக்கம் போன நடிகர் அதே பக்கம்தான் திரும்ப வர முடியும், பாதி நாடகத்தின் வரவும் போக்கும் மாறும். அதை இப்போதே இயக்குநரிடம் சொன்னால் அவர் கோபப்படுவார், முந்தின நாள் சொன்னால் அழுவார். அந்த அளவை அப்படியே வாயனசாலைத் தரையில் கலர் டேப் ஒட்டி, அதற்குள்ளேயே இனி ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட். இதை மண்டபத்து வாட்ச்மேனிடம் கேட்டால் 'எல்லாம் இருக்கு சார்' என்பார். நீங்கள் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய், மூன்று பேஸ் இருக்கிறதா, மேடைப் பக்கம் எத்தனை ஆம்பியர் எடுக்கலாம், எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கு எளிது. பழைய பார் லைட், அதாவது டப்பா மாதிரி இருக்கும் மேடை விளக்கு, ஒன்று 1000 வாட். அதில் 12 மாட்டினால் 12,000 வாட், 230 வோல்ட்டால் வகுத்தால் 52 ஆம்பியருக்கு மேல் வரும். ஒரே பேஸில் 32 ஆம்பியர் பிரேக்கர் இருக்கும் மண்டபத்தில் எல்லாவற்றையும் ஏற்றினால் சாவு சீனில் மொத்த ஹாலும் இருட்டாகும், ஜனம் அதையும் நாடகம் என்று கொஞ்ச நேரம் நம்பும், அவ்வளவுதான். மூன்று பேஸில் நாலு நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 17 ஆம்பியர் சொச்சம்தான். எல்.இ.டி. பார் என்றால் இந்தக் கவலையே பெரிதாக இல்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் முகம் கொஞ்சம் வெளிறித் தெரியும், ஒப்பனை போட்டு அந்த லைட்டுக்குக் கீழே நிற்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற சில நொடிகளில் லைட் போர்டும் சவுண்ட் லேப்டாப்பும் அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும், அதனால் அந்த இரண்டுக்கும் மட்டுமாவது ஒரு யு.பி.எஸ். வையுங்கள்.

லைட்காரர், மைக் செட்காரரிடம் வாயால் ரேட் பேசாதீர்கள். எத்தனை லைட், எத்தனை ஆள், வண்டி வாடகை சேர்த்தா, டீசல் யார், எத்தனை மணிக்கு வருவார்கள், ராத்திரி கழற்றும் கூலி உண்டா என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. 60,000 ரூபாயில் 6,000 ரூபாயை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு அது இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். காலையிலிருந்து ஏணியில் ஏறி இறங்குகிறவர்களுக்கு மதியம் ஒரு மணிக்கு இலையில் சோறு விழவில்லை என்றால் மூன்று மணிக்கு உங்கள் ஒத்திகை நின்றுவிடும்.

மண்டபத்தை முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே எடுங்கள், கொஞ்சம் பணம் கூடினாலும் பரவாயில்லை. லைட்டைக் குறி பார்த்துத் திருப்பி வைக்கும் வேலை இருட்டில்தான் நடக்கும், ஜன்னல் நிறைந்த மண்டபத்தில் பகலில் செய்ய முடியாது. முதலில் லைட் ஏற வேண்டும், அது முடிந்து ஏணி இறங்கிய பிறகு செட், அப்புறம் சவுண்ட். இதை மாற்றினால் செட்டை நகர்த்தி நகர்த்தி ஏணி போடுவீர்கள். மறுநாள் காலையில் வசனமெல்லாம் பேசாமல் க்யூவிலிருந்து க்யூவுக்குத் தாவி ஒரு ஓட்டம், மதியத்துக்கு மேல் வேஷம் கட்டி முழுசாக ஒரு ஓட்டம். முழு ஓட்டத்துக்கு நேரம் இல்லாமல் போனாலும் க்யூ ஓட்டத்தை விடாதீர்கள்.

பொருட்களுக்கு ஒரு மேஜை. மேலே வெள்ளைத்தாள் ஒட்டி, விளக்கு, கடிதம், மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் வைத்து அதன் உருவத்தைச் சுற்றி வரைந்து பேர் எழுதிவிடுங்கள். வெற்றிடத்தைப் பார்த்ததும் எது காணவில்லை என்று தெரியும். மேடையில் நிஜ நெருப்பு என்று இயக்குநர் சொன்னால், பக்கத்தில் மணல் வாளியும் அதற்கென்றே ஒரு ஆளும் நிற்பார் என்றால்தான் சரி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

லைட்காரருக்கு க்யூ சொல்ல ஹெட்செட் வாங்கப் பணம் இருக்காது. இரண்டு சின்ன பல்பு, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, உங்கள் கையில் ஸ்விட்ச், லைட்காரர் பக்கம் பல்பு. சிவப்பு எரிந்தால் தயார், பச்சை எரிந்தால் செய். உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரத்தில் கட்டிக் கொடுப்பார், மொபைல் சிக்னலை நம்புவதைவிட இது மேல். மணி அடித்து விளக்கு அணைந்த பிறகு மேடை உங்களுடையது. இயக்குநரைக் கூட்டத்தில் உட்கார வைத்துவிடுங்கள், அவர் திரைக்குப் பின்னால் நின்றால் நடிகர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடிப்பார்கள்.

காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. பழைய எழுத்தாளர் என்றால் எவ்வளவு பழையவர்? நம் நாட்டில் எழுத்தாளர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் காப்புரிமை இருக்கும், இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். அது முடிந்திருந்தால் பிரச்சினை இல்லை. முடியவில்லை என்றால் வாரிசுகளிடம் எழுதிக் கேளுங்கள், சிறுகதையை நாடகமாக மாற்றவும் மேடையேற்றவும் இரண்டுக்கும். அமெச்சூர் குழு பணம் வாங்காத கூட்டத்துக்கோ, ஒரு கோயில் போன்ற சமய நிறுவனத்தின் நன்மைக்கோ நடத்தினால் 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அது மேடையேற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறது, நாடகமாக மாற்றி எழுதுவதைப் பற்றி அல்ல, அதனால் அதை நம்பி இறங்க வேண்டாம், கோயில் நன்மைக்காக அல்லாமல் டிக்கெட் போட்டால் அந்தச் சலுகையும் கிடையாது. சினிமாப் பாட்டு ரெக்கார்டைப் பின்னணியில் போடுவதற்கும் உரிமம் வேண்டும், நான் சொல்வது, ஒரு ஆர்மோனியக்காரரைப் பிடியுங்கள், உங்கள் பக்கம் பஜனைக் குழுக்களில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

பிரதியைப் போலீஸில் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால், 1876இல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டத்தை நாடாளுமன்றமே நீக்கிவிட்டது, நாளைக்கு நீங்கள் பொள்ளாச்சியில் போட நினைத்தாலும் அங்கே இருந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. மைக் வைக்கவும், வண்டியில் அனௌன்ஸ்மென்ட் போகவும் போலீஸ் அனுமதி வேண்டும், அது வேறு. அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மனு கொடுங்கள்.

சரி, இப்போது ஆள்.

போஸ்டர் எந்த மொழியில் என்று கேட்டீர்கள். இரண்டிலும், அதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்து, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் உங்கள் பஞ்சாயத்திலேயே எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் உங்கள் நாடகத்தின் ஒவ்வொரு வசனத்துக்கும் சிரிப்பார்கள், ஆனால் உங்கள் தமிழ் போஸ்டரைப் பார்த்தால் ஏதோ கட்சிக் கூட்டம் என்று போய்விடுவார்கள். மலையாளிகள் வருவார்களா என்றும் தயங்க வேண்டாம். கோயில் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்துக்காரர்கள் கம்பன் பாட்டைச் சொல்லக் கேட்டும், பொறாட்டு நாடகத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வரும் பாட்டுக்குச் சிரித்தும் பழகிய மாவட்டம் இது. 'மலையாள சப்டைட்டில் உண்டா' என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் போஸ்டர் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அது ஏற்கனவே கேள்விப்பட்டவருக்குத் தேதியை ஞாபகப்படுத்தும், புதிதாக ஒருவரைக் கிளப்பி வராது. 200 போஸ்டர் போதும், அதையும் மின்கம்பத்தில் ஒட்டாமல் பால் சொசைட்டி, ரேஷன் கடை, வேலந்தாவளம் காய்கறிச் சந்தை, டீக்கடை, கள்ளுக்கடை என்று ஆள் நின்று காத்திருக்கும் இடங்களில் கேட்டு ஒட்டுங்கள். ஃபிளக்ஸ் அடித்துக் காசைக் கரியாக்க வேண்டாம், பி.வி.சி. ஃபிளக்ஸுக்குக் கேரளத்தில் 2019லிருந்து தடை இருக்கிறது, துணி பேனர் மண்டப வாசலுக்கு ஒன்று, வாயனசாலை வாசலுக்கு ஒன்று, முடிந்தது.

குரல்தான் வேலை செய்யும். உங்கள் நடிகர்களில் நல்ல தொண்டை உள்ளவரை வைத்து, நாடகத்தில் வருகிற ஒரு சண்டையை நாற்பது விநாடிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பதிவு செய்து, சண்டை உச்சத்தில் இருக்கும்போது வெட்டிவிட்டு, தேதி, நேரம், இடம் மட்டும் சொல்லுங்கள். இது ஒரு குடும்பக் குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போகும், ஏனென்றால் கேட்கிறவருக்குத் தெரிந்த குரல், தெரிந்த பேச்சு. நாடகம் எவ்வளவு சமூகப் பொறுப்புள்ளது என்று அதில் விளக்காதீர்கள்.

அடுத்தது குடும்பஸ்ரீ, கேரளத்துப் பெண்கள் சுய உதவி அமைப்பு. உங்கள் பஞ்சாயத்தில் அதன் அயல்கூட்டங்கள் (அக்கம்பக்கத்துப் பெண்களின் குழுக்கள்) எத்தனை இருக்கிறது, எந்தக் கிழமை எந்த வீட்டில் கூடுகிறார்கள் என்று குடும்பஸ்ரீயின் பஞ்சாயத்து அளவிலான சி.டி.எஸ். அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மூன்று வாரம் இருக்கும்போதிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நடிகையும் அந்த டிக்கெட் பொறுப்பாளரும் போய்ப் பத்து நிமிஷம் இருந்துவிட்டு வரட்டும். ஒரு பெண் கிளம்பினால் பக்கத்து வீட்டுக்காரி, மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு ஜீப் நிறையும். அந்த ஜீப்புக்கு வழி பண்ணுவதும் உங்கள் வேலைதான். மூன்று நாலு ஊருக்கு ஜீப்போ வேனோ பேசி, போக வர இவ்வளவு என்று டிக்கெட்டோடு சேர்த்தே விற்கலாம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நண்பர்கள் வருவார்கள் என்று கணக்குப் போடுகிறீர்கள் என்றால் அவர்களுக்கும் இதே கதைதான், திரும்பிப் போக வண்டி இருந்தால் வருவார்கள்.

டிக்கெட் போடுங்கள். இலவசம் என்றால் வருகிறேன் என்று தலையாட்டுவதற்குச் செலவே இல்லை, ஐம்பது ரூபாய் கொடுத்தவர் மழை பெய்தாலும் வருவார். 500 ரூபாய் வரைக்கும் உள்ள நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது, நீங்கள் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. கேளிக்கை வரி ஏதாவது உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிக்கெட்டில் எண் இருக்க வேண்டும், அடிக்கட்டை இருக்க வேண்டும், யாரிடம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். 14 பேரும் ஆளுக்கு 20 எடுத்தால் 280. விற்காததை நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருங்கள், இல்லாவிட்டால் ஹாலில் எழுபது நாற்காலி காலியாகக் கிடக்க, அதற்கான டிக்கெட் யாரோ ஒருவர் சட்டைப்பையில் தூங்கும். டிக்கெட்டின் பின்பக்கத்தை விளம்பரத்துக்கு விடுங்கள், காய்கறி மண்டிக்காரர், தீவனக்கடைக்காரர் எல்லாம் அதற்குப் பணம் தருவார்கள், பிரிண்டிங் செலவு அதிலேயே அடைந்துவிடும்.

பேச்சாளர்கள் விஷயத்தில் நீங்கள் கெட்ட பேர் எடுக்கத் தயாராக வேண்டும். வாயனசாலைப் பரிபாடி (நிகழ்ச்சி) என்றால் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை என்று ஒரு மணி நேரம் ஓடும், நடிகர்கள் ஒப்பனையோடு வேர்த்துக்கொண்டு உள்ளே நிற்பார்கள், 6 மணி என்று நம்பி வந்தவர் 7 மணிக்கு உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார். மரியாதை செய்வதெல்லாம் நாடகம் முடிந்த பிறகு. தலைவருக்குக் கோபம் வருமே என்றால், முதல் நாளே போய், உங்கள் கையால் நடிகர்களுக்குப் பொன்னாடை போட வேண்டும் தலைவரே, அதனால் கடைசியில் வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்ப்பார். முன்வரிசையில் பேர் எழுதி வைத்த நாற்காலிகளை 5.55க்குத் திறந்து விட்டுவிடுங்கள், வரிசை காலியாக இருந்தால் நடிகனுக்கு எதிரே பள்ளம் மாதிரித் தெரியும்.

திருச்சூர் படிப்பு. அரணாட்டுக்கரையில் இருக்கும் நாடகப் பள்ளி 1977இல் தொடங்கியது, கோழிக்கோடு பல்கலைக்கழகத்துடையது, நாடகத்தை வாழ்க்கையாக எடுத்துக்கொள்கிறவருக்கு நல்ல இடம்தான். வேலையை விட்டுவிட்டு இந்த ஒரு நாடகத்துக்காகப் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அதற்குப் பதில், 2008லிருந்து கேரள சங்கீத நாடக அகாதமி திருச்சூரில் நடத்துகிற சர்வதேச நாடக விழாவுக்குப் போய் வாருங்கள், பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும். தன்னார்வலராகச் சேர்ந்து மேடைப் பக்கம் வேலை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் டிக்கெட் எடுத்துப் பாருங்கள், ஆனால் நாடகம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் கொஞ்சம் நின்று, அவர்கள் செட்டை எந்த வரிசையில் கழற்றுகிறார்கள், எதை எந்தப் பெட்டியில் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். அதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. ஓணம் முடிந்ததிலிருந்து மழைக்காலம் வரை நம் மாவட்டத்துக் கோயில் உற்சவங்களுக்கு மலையாளப் புரொபஷனல் குழுக்கள் வேனில் செட்டோடு வந்து இறங்கும். சாயங்காலமே போய் நில்லுங்கள், நாலைந்து பேர் எவ்வளவு சீக்கிரம் ஒரு முழு வீட்டை மேடையில் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள், நாடகம் முடிந்ததும் அவர்களுடைய மேனேஜருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் மறைக்காமல் சொல்வார், அவர்களில் பலர் திரை இழுக்கிற பையனாக ஆரம்பித்தவர்கள்தான்.

ஹால் அளவையும் உங்கள் க்யூ பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள், லைட்டை எங்கே மாட்டலாம் என்று வரைந்து தருகிறேன். அட்வான்ஸ் ரசீது கைக்கு வந்த பிறகு அனுப்பினால் போதும்.